பாடி எர்த்

இருட்டினால் வண்டிக்கு மூன்றாம் கியர்தான் என்றாகிப்போனது. பகலில் உடன்குடியிலிருந்து திருச்செந்தூர் போய் வந்தால் ஒரு குறையும் இருக்காது. மாலை ஏழு மணிக்கு மேல் அதே சாலையில் திரும்பும்போது, ஆலந்தலை தாண்டிக் கடற்காற்று கண்ணாடியில் பிசுபிசுக்கும் இடத்தில், டாஷ்போர்டில் ‘டி’ எழுத்து சிமிட்ட ஆரம்பிக்கும். பக்கத்திலேயே மஞ்சள் என்ஜின் விளக்கு. பிறகு என்ன மிதித்தாலும் கியர் மாறாது. நின்று கிளம்பும்போது மேட்டில் பாரவண்டி இழுக்கிற மாடு போல முக்கும். கிளம்பிய பிறகு என்ஜின்தான் கத்தும், வேகம் ஏறாது. சாவியை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் சரியாகிவிடும். குலசேகரப்பட்டினம் வருவதற்குள் மறுபடியும் அதே கதை.

வீட்டில் இதற்கு மூன்று விளக்கங்கள் இருந்தன. அம்மாவைப் பொறுத்தவரை கண்ணேறு. முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். மச்சானைப் பொறுத்தவரை ஆட்டோமேட்டிக் வாங்கியதே தப்பு. கிளட்ச் இல்லாத வண்டி ஒரு வண்டியா என்பது அவர் கட்சி. மூன்றாவது விளக்கம் தூத்துக்குடியில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் அச்சடித்துக் கொடுத்தது: டிசிஎம் போய்விட்டது, அதாவது கியர்பாக்ஸை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி; மாற்றினால் ஒன்றேகால் லட்சம். இருட்டினால் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டேன். மச்சானிடமும் சர்வீஸ் சென்டரிலும் பதில் இல்லை. அம்மாவிடம் இருந்தது. அதெல்லாம் இருட்டில்தானே நடமாடும்?

யோசித்துப் பார்த்தால், கேள்வியின் எல்லா பாகத்துக்கும் பதில் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். விடை தப்பாக இருக்கலாம். கேள்வியை முழுதாகக் கேட்டிருந்தாள்.

கிளட்ச் மிதிக்காத கார் நம் ஊர் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது 2014 பிப்ரவரியில், செலேரியோ வந்தபோது. அதே ஆண்டு மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, ஆனாலும் அந்த ஆண்டை நான் ஒரு எல்லைக்கல் மாதிரித்தான் நினைத்துக்கொள்கிறேன். அம்பாசடர் காலத்தில் மெக்கானிக் பானட்டைத் திறந்து காதைக் கொடுப்பார். இப்போது ஸ்கேனரை மாட்ட, ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டை உள்ள ஒரு சாக்கெட்டைத் தேடுகிறார். வண்டி தன் நோயைத் தானே சொல்லும் என்று நம்புகிற காலத்தில் இருக்கிறோம்.

என் வண்டி செலேரியோ வகையல்ல. அதில் சாதாரண கியர்பாக்ஸையே ஒரு மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ கைக்குப் பதிலாக மாற்றிக்கொடுக்கும். என்னுடையது பழைய வழியில் வந்த எண்ணெய் கியர்பாக்ஸ். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்ற பெயரில் வந்தது இதன் மூதாதை. அதில் கம்ப்யூட்டர் கிடையாது, மின்சாரத்துக்கும் வேலை கிடையாது. வண்டி எவ்வளவு வேகம், கால் எவ்வளவு அழுத்தம் என்பதையெல்லாம் எண்ணெயின் அழுத்தமே எடைபோட்டு, வால்வுகளை இப்படியும் அப்படியும் தள்ளி, கியரை மாற்றியது. எண்ணெயே யோசித்தது என்று சொல்லலாம். பிற்பாடு அந்த யோசனையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. வால்வுகளின் வாயில் சோலினாய்டு என்ற சின்னக் காந்தச் சுருள்கள் வந்து உட்கார்ந்தன. உள்ளே வரும் தண்டின் வேகத்துக்கு ஒரு சென்சார், வெளியே போகும் தண்டுக்கு ஒன்று, எண்ணெயின் சூட்டுக்கு ஒன்று, கியர் கம்பி எந்த எழுத்தில் நிற்கிறது என்பதற்கு ஒன்று. இவை சொல்வதையெல்லாம் கேட்டு டிசிஎம் சுருள்களுக்கு உத்தரவு போடும்.

இவற்றில் எதிலாவது சந்தேகம் வந்தால் பெட்டி ஒன்று செய்யும்: எல்லாச் சுருள்களையும் விட்டுவிடும். மின்சாரம் இல்லாத சுருள் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் வால்வுகள் சாய்ந்து, எண்ணெய் தானாகப் போகும் வழியில் ஒரு கியர் விழும். பெரும்பாலான வண்டிகளில் அது மூன்று. நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேரட்டும் என்று வடிவமைத்தவர்கள் விட்டுவைத்த வழி. ஆங்கிலத்திலும் அதற்கு நொண்டி என்றுதான் பெயர். ஆலந்தலை இருட்டில் என் வண்டி கெட்டுப்போனதாக நான் நினைத்தேன். உண்மையில் அது தன் தாத்தா காலத்துக்குப் போய் எண்ணெயை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

சர்வீஸ் சென்டர் கொடுத்த தாளில் நான்கு குறியீடுகள் இருந்தன. பி0700: கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ புகார் இருக்கிறது, அங்கேயே கேட்டுக்கொள் என்று என்ஜின் பெட்டி கைகாட்டிவிடுவது. பி0720: வெளியே போகும் தண்டின் வேகம் சொல்லும் சென்சாரின் சுற்று. பி0753: முதல் ஷிஃப்ட் சோலினாய்டின் மின்சுற்று. யு0101: டிசிஎம்மோடு பேச்சு அறுந்தது. சென்சார், சுருள், பேச்சு, மூன்றும் வேறு வேறு இடத்தில் இருப்பவை, வேறு வேறு கம்பியில் வருபவை. மூன்றும் புகார் சொன்னதால், மூன்றுக்கும் பொதுவான பெட்டியே குற்றவாளி என்று அங்கே முடிவு கட்டியிருந்தார்கள். தர்க்கம் பாதி சரி. மூன்றுக்கும் பொதுவானது ஒன்று இருக்கிறது என்பது வரை சரி.

இந்த இடத்தில் ஒரு ராக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடன்குடிக்காரன் ராக்கெட்டைப் பற்றிப் பேசினால் இனிமேல் யாரும் சிரிக்க மாட்டார்கள். பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் சுற்றுவழியே பெரிய செலவு. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே கடல்தான். இங்கிருந்து போகப்போவது எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்.

அந்த ராக்கெட்டின் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நடந்தது. இரண்டு செயற்கைக்கோள்கள், ஒன்று 75 பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து செய்தது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் வைக்க வேண்டியவை, 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் போய் விழுந்தன. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. எதுவும் அங்கே சுற்றிக்கொண்டிருக்க முடியாது. இரண்டும் போயின.

காரணம் தேடியவர்கள் சொன்னது இது. இரண்டாம் கட்டம் பிரியும்போது கருவிகள் இருந்த தளத்தில் கொஞ்ச நேரம் பலமான அதிர்வு வந்தது. வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் அந்த அதிர்வில் அளவின் உச்சத்துக்குப் போய் முட்டின. பழுது கண்டுபிடிக்க வைத்திருந்த மென்பொருள், சென்சார்கள் செத்துவிட்டன என்று தீர்ப்பு எழுதி அவற்றை ஒதுக்கிவைத்தது. ராக்கெட்டை மீட்பு நிலைக்கு மாற்றியது. அதன் பிறகு தன் வேக மாற்றத்தை அளக்காமல், முன்பே எழுதிவைத்த கணக்கை நம்பி மட்டுமே ராக்கெட் பறந்தது. சென்சார்கள் சாகவில்லை. அதிர்வு வந்தது, அதிர்கிறது என்று அவை சொல்லின, அவ்வளவுதான். பிறகு கட்டம் பிரியும் முறையை அதிர்வு குறைந்ததாக மாற்றினார்கள். சென்சார் கெட்டது என்று முடிவெடுக்கும் முன் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும்படி மென்பொருளையும் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது பயணம் ஒழுங்காகப் போனது.

என் வண்டியின் மூன்றாம் கியரும் அந்த ராக்கெட்டின் மீட்பு நிலையும் ஒரே குடும்பம். புகார் சொன்னவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு வழக்கை முடிப்பது இரண்டிலும் நடந்திருக்கிறது. ஸ்கேனரில் வரும் பெயர் வாதியின் பெயர். அதைப் பிரதிவாதியின் பெயராகப் படித்துத்தான் ஊரெங்கும் சென்சார்களும் பெட்டிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. மாற்றிய பிறகு சிலநேரம் வண்டி சரியாகியும்விடுகிறது. ஏனென்றால் மாற்றும்போது வயர் முனையிலிருக்கும் கப்ளரைக் கழற்றி மாட்டுகிறார்கள். அந்த உரசலில் காண்டாக்ட் சுத்தமாகிறது. மூன்று மாதம் நன்றாக ஓடும். எவ்வளவு சென்சார்கள் இப்படிக் குற்றமில்லாமல் குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

உடன்குடி பஜாரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் வயரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். டிராக்டர், லாரி, பம்புசெட் என்று ஆரம்பித்துக் காருக்கு வந்தவர். அவரிடம் ஸ்கேனர் இருக்கிறது, ஆனால் கடைசியில்தான் எடுப்பார். தாளை நீட்டினேன். வாங்கிப் பார்க்காமலே கேட்டார்.

“எப்பம்லாம் வருது?”

“ராத்திரிதான் அண்ணாச்சி. பகல்ல ஒண்ணும் இல்ல.”

“ராத்திரின்னா என்ன தம்பி? ராத்திரி நீங்க வண்டியில என்ன பண்ணுதிய, பகல்ல பண்ணாதது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவரே சொன்னார். “லைட்டு போடுதிய. லைட்டு போட்டா வருதுன்னா லைட்டுகிட்டல்லா கேக்கணும். கியர்பாக்ஸ்கிட்ட கேட்டா அது என்ன சொல்லும் பாவம்?”

பிறகு தாளைப் பார்த்தார். பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்தப் பதினாறு ஓட்டைச் சாக்கெட்டில் ஆறாவதிலும் பதினாலாவதிலும் மீட்டரின் முனைகளை வைத்தார். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவது முறுக்கிய இரண்டு கம்பிகளின் வழியே. பாஷ் நிறுவனம் 1986இல் கொண்டுவந்த முறை. அந்தக் கம்பிகளின் இரண்டு கோடியிலும் 120 ஓம் தடை வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து 60 காட்டினால் வழி அறுபடவில்லை என்று பொருள். மீட்டர் 60 காட்டியது. “பேச்சு வழி சரியாத்தான் இருக்கு,” என்றார். யு0101 தள்ளுபடி.

அடுத்து அவர் செய்தது எனக்குச் சம்பந்தமில்லாததாகப் பட்டது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். சாதாரணமாக யாரும் இழுக்காத கடைசி முழம் வரை வெளியே வந்தது. அந்தக் கடைசி முழத்தில், கறுப்புப் பட்டையின் குறுக்கே, காய்ந்த சேற்றின் கோடு ஒன்று சாம்பல் நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினார், பொடியாக உதிர்ந்தது.

“வெள்ளத்துல நின்ன வண்டி,” என்றார்.

செகண்ட் ஹேண்டாக வாங்கும்போதே இதைக் கேட்டேன். இல்லவே இல்லை என்று விற்றவர் சொன்னார். சீட்டு உறை புதிது, மிதியடி புதிது, உள்ளே பன்னீர் வாசனை. பெல்டின் வாலை யார் இழுத்துப் பார்க்கிறார்கள்?

2023 டிசம்பர் 17, 18 என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. இந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. ஹெலிகாப்டரில் உணவு போட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு கார்களின் என்ஜினைத் திறந்தார்கள், எண்ணெய்களை மாற்றினார்கள், சீட்டுகளை மொட்டை மாடியில் காயவைத்தார்கள். வண்டிக்குள் ஓடும் வயரை யாரும் காயவைக்கவில்லை. ஒரு காரில் ஓடும் வயரை நீட்டினால் கிலோமீட்டர் கணக்கில் வரும். அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு கப்ளர், ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் சில செம்பு ஊசிகள். தண்ணீர் போன பிறகு வேலையைத் தொடங்கியது அது விட்டுப்போன ஈரம்.

இதோடு நம் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பளத்து ஊர். வீட்டு ஜன்னல் கம்பியை ஆண்டுக்கு ஒரு தரம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்குக் கடற்காற்று என்ன செய்யும் என்று தெரியும்.

செம்பில் படியும் பச்சைக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். எனக்கு அந்தச் சொல் முதலில் அறிமுகமானது பாத்திரம் விளக்கும் இடத்தில் அல்ல, என் தாத்தாவின் சைவ சித்தாந்த வகுப்பில். உயிரை ஆணவ மலம் எப்படிப் பற்றியிருக்கிறது என்பதற்குச் சித்தாந்திகள் சொல்லும் உவமை அது. நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டியதில்லை, செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு என்பார்கள். புளி போட்டு விளக்கினால் இன்றைக்குப் பளபளக்கும், நாளைக்கு மறுபடி வரும். தாத்தா இதைச் சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சித்தாந்தத்தோடு வாதாட எனக்குப் படிப்பு போதாது. ஆனால் உடன்குடியில் களிம்பு வெளியிலிருந்துதான் வருகிறது. கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அது வருகிற இடம்.

எர்த் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். கார் பூமியைத் தொடுவதில்லை. நான்கு ரப்பரின் மேல் நிற்கிறது. ஆனாலும் பாடி எர்த் என்கிறோம். பேட்டரியிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் பெட்டிக்கும் மின்சாரம் போவதற்குத் தனித்தனி வயர் உண்டு. நிறம் உண்டு, ஃபியூஸ் உண்டு, படத்தில் எண் உண்டு. திரும்பி வருவதற்கு எல்லோருக்கும் ஒரே வழிதான்: வண்டியின் இரும்பு உடம்பு. அங்கிருந்து பின்னல் பட்டை ஒன்று பேட்டரியின் நெகட்டிவுக்கு வரும். விருந்துக்கு வருகிறவர்களை வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கிறோம்; திரும்பிப் போகிறவர்கள் எந்தச் சந்தில் போனார்கள் என்று பார்ப்பதில்லை. ஃபால்ட் தேடுகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். பவர் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பார்கள். வருகிறது. சரி, பவர் இருக்கிறது, அப்படியானால் பெட்டிதான் போச்சு.

பட்டை அறுந்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். என் வண்டியில் அறவில்லை. சர்வீஸ் சென்டரில் எர்த்தையும் பார்த்திருந்தார்கள். மீட்டரைக் கண்டினியுட்டியில் வைத்து, பீப் சத்தம் கேட்டு, நல்லது என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பீப்பைப் பற்றி உடன்குடிக்காரனுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்லலாம். எங்கள் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைப்பதற்கு முன்பும் பின்பும் சீனிப்பாகைக் கலந்து காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். கலப்படக் கருப்பட்டியை நாக்கில் வைத்தால் இனிக்காதா? நன்றாகவே இனிக்கும். பீப் என்பது நாக்கில் வைத்துப் பார்ப்பது. மீட்டர் அந்தச் சோதனையில் அனுப்புகிற மின்சாரம் ஒரு மில்லிஆம்பியர் அளவுக்குத்தான். முப்பது இழை உள்ள பட்டையில் இருபத்தொன்பது அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அந்தச் சின்ன மின்சாரம் தாராளமாகப் போய்வரும். அதோடு மீட்டரின் சொந்த வயருக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். பட்டையில் இருக்கும் 0.05 ஓமை அது எப்படிக் காட்டும்?

1827இல் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஓம் எழுதிவைத்த கணக்கைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தடை 0.05. அதன் வழியே 1 ஆம்பியர் போனால் இழப்பு 0.05 வோல்ட், கவலையில்லை. 25 ஆம்பியர் போனால்? ஒன்றேகால் வோல்ட். தடை மாறவில்லை. பாரம் ஏறினால்தான் அது தன்னைக் காட்டும். அண்ணாச்சி பட்டையை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, பாரம் ஏற்றிப் பார்த்தார்.

மாலை ஆறரை மணி. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயத் தலையிலேயே அழுத்தினார். கிளாம்பில் இல்லை, தலையில். சிவப்பு முனையை, டிசிஎம்மின் எர்த் வயர் வந்து சேரும் பாடி போல்ட்டில் வைத்தார். 0.21. இரண்டும் ஒரே இரும்பு என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும், 0.1, 0.2க்கு மேல் போகக் கூடாது.

“ஏசி போடுங்க.” 0.64.

“புளோயரக் கூட்டுங்க.” 0.83.

“லைட்டு. ஹை பீம்.” 1.38.

மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தேன், ‘டி’ சிமிட்டிக்கொண்டிருந்தது. வண்டி வேப்பமரத்தடியில் நின்ற இடத்திலேயே ஆலந்தலைக்குப் போய்விட்டது.

ரயில் நிலையங்களில் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். ஒரு ராத்திரியில் கடலே ஒரு மீட்டர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பலகையும் அன்றைக்குப் பொய்யாகிவிடும். ஆனால் எந்தப் பலகையிலும் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. டிசிஎம்முக்கு நடந்தது அதுதான். ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட் என்று அது எதை அளந்தாலும் அதன் காலடியில் இருக்கும் எர்த்தைப் பூஜ்யமாக வைத்துத்தான் அளக்கிறது. லைட்டும் ஃபேனும் திரும்பிப் போகும் மின்சாரம் குறுகிய சந்தில் நெருக்கியடித்து, அந்தப் பூஜ்யத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் உயரத்துக்குத் தூக்கிவிட்டது. சாலையில் ஒரு பள்ளம் வந்தால் பட்டை ஆடி இன்னும் கூடியிருக்கும். சென்சார் சொன்னது சரி, சுருள் செய்தது சரி, என்ஜின் பெட்டி பேசியதும் சரி. கேட்டவனின் காலடி சரியில்லை.

பேட்டரி ட்ரேயைக் கழற்றினார். கீழே, முன் சக்கரத்து மட்காடுக்கு உள்பக்கம், பட்டையின் ரிங் ஒரு போல்ட்டில் இறுகியிருந்தது. இறுக்கத்தில் குறையில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரில் போல்ட் சிணுங்கிக்கொண்டு வந்தது. ரிங்கின் மேல் பக்கம் சாம்பல் நிறம். புரட்டினால் அடிப்பக்கம் பச்சை. பளீரென்று, அங்கங்கே வெள்ளைப் பொரியோடு. ரிங்குக்குள் நுழையும் இடத்தில் பட்டையைக் கையால் வளைத்தார். செம்பு இழைகள் கறுத்து, காய்ந்த பனைநார் போல ஒவ்வொன்றாக ஒடிந்தன. அவர் ஒடிந்த இழைகளை எண்ணவில்லை. மிச்சமிருந்த ஏழெட்டை நான் எண்ணினேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். கடலோரத்தில் பொழுது சாய்ந்ததும் ஈரப்பதம் அதற்கு மேல் போய்விடும். ஆக, லைட் மட்டும் காரணமில்லை, ராத்திரியும் ஒரு காரணம், அம்மா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று நிறுவப் பார்த்தேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “பகல்லயும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓட்டிப் பாருங்க, வரும்,” என்றார். மறுநாளைக்கு அந்தச் சோதனையைச் செய்ய வழியில்லாமல் அன்றைக்கே அவர் வண்டியைச் சரிசெய்துவிட்டார்.

புதுப் பட்டை வெட்டி, இரண்டு முனையிலும் செம்பு ரிங் வைத்து நசுக்கினார். ஈயமும் வைத்தார். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு வெளுக்கும் வரை கொண்டுவந்தார். உப்பு கெடுத்ததை உப்புத்தாள் சரிசெய்கிறது என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் சிலேடை அவருக்குப் பிடிக்காது போலிருக்கிறது. பல்வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் அப்பினார். டிசிஎம்மின் கப்ளரையும் திறந்து பார்த்தார், அதில் களிம்பு ஏறவில்லை. மறுபடி எல்லாவற்றையும் போட்டு அளந்தார்: 0.06. அதன் பிறகுதான் ஸ்கேனரை எடுத்தார், பழைய குறியீடுகளை அழிக்க.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இது கடைசிப் பட்டையாக இருக்காது என்றும் சொன்னார். சரிதான். எட்டு மாதம் கழித்துப் பின்பக்க விளக்கின் கப்ளர் போனது. அதற்கடுத்து ஒரு ஜன்னல் மோட்டார். கியர்பாக்ஸ் இன்றுவரை ஒரு தரம்கூட முறைத்துக்கொள்ளவில்லை. அம்மா கட்டிய எலுமிச்சம்பழமும் இருக்கிறது, வாரா வாரம் புதிது. அதை நான் கழற்றச் சொல்லவில்லை.

பட்டைக்கும் ரிங்குக்கும் முந்நூற்றைம்பது ரூபாய், கூலி எழுநூறு. ஒன்றேகால் லட்சத்துப் பெட்டியை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். மாற்றும்போது பேட்டரி ட்ரேயைக் கழற்றி, ரிங்கைக் கொஞ்சம் அசைத்துத்தான் பெட்டியை எடுக்க முடியும். அந்த அசைப்பில் பச்சை கொஞ்சம் உதிர்ந்து, ஒரு மழைக்காலம் வரை வண்டி ஒழுங்காக ஓடியிருக்கும் என்றார். நானும் பெட்டிதான் கெட்டிருந்தது என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

கடலோரத்தில் ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விட்டது என்று உங்களிடம் தாள் நீட்டினால், எல்லா லைட்டையும் ஏசியையும் போட்டுவைத்து எர்த்தை அளந்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அளக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.